எலி கடித்தும் ஓடுகிற ஜெனரேட்டர்

வீட்டு ஜெனரேட்டர்களைப் பழுது பார்ப்பது என் தொழில். மழைக்காலத்தில் போன் செய்து, "ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது" என்று ஒருவர் சொன்னால், நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். "ஓடுது சார், ஆனா பெட்ரோல் வாடை அடிக்குது" என்று சொன்னால், முதலில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு அன்றைக்கே கிளம்பிவிடுவேன். எலி கடித்து நின்றுபோன ஜெனரேட்டரால் செலவு மட்டும்தான். எலி கடித்தும் ஓடுகிற ஜெனரேட்டரால் வீட்டில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. இந்த வித்தியாசம் பல வீடுகளில் தெரிவதில்லை. ஓடினால் போதும், மழை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

சென்னையில் வீட்டு ஜெனரேட்டர் வருஷத்தின் பெரும்பகுதி சும்மாதான் கிடக்கிறது. சின்ன மின்தடையை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று புயல் வந்து, நாள் கணக்கில் கரண்ட் போனால்தான் ஜெனரேட்டர் ஞாபகம் வருகிறது. அதுவரை மாடிப்படிக்கு அடியிலோ, கார் நிறுத்துகிற இடத்தின் மூலையிலோ, மொட்டை மாடி ஷெட்டிலோ கவர் போட்டு மூடிக் கிடக்கும். இருட்டு, மறைவு, ஆள் நடமாட்டமும் இல்லை. சைலன்ட் கேனோபி, அதாவது சத்தம் வெளியே வராமல் மூடும் இரும்புக் கூடு, வைத்த டீசல் செட்டாக இருந்தால், சத்தத்தை அடக்க உள்ளே ஒட்டியிருக்கும் ஃபோமே எலி கூடு கட்டுவதற்குப் போதும். அக்டோபரில் மழை தொடங்கி, வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கமெல்லாம் தெருவில் தண்ணீர் ஏறினால், வளையை இழந்த எலிகள் காய்ந்த இடம் தேடி வீடுகளுக்குள் வருகின்றன. உங்களுக்கு ஜெனரேட்டர் தேவைப்படுகிற அதே வாரத்தில்தான் அவையும் அதற்குள் புகுகின்றன.

எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துக்கொண்டிருந்தால்தான் அவை அளவாக இருக்கும். அதனால் பசி இல்லாவிட்டாலும் வயரைக் கடிக்கும். பெருச்சாளி தரையைத் தோண்டிக்கொண்டு வரும், தடித்த கேபிளைக்கூட விடாது. வீட்டெலி மரக்கிளையையும் தண்ணீர்க் குழாயையும் பிடித்து மொட்டை மாடிக்கு ஏறிவிடும். சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழைகிற ஓட்டை போதும். அணிலும் கடிக்கும். மூஞ்சூறைத்தான் பல வீடுகளில் தவறாகக் குற்றம் சொல்கிறார்கள். அது பூச்சி தின்கிற பிராணி, எலி இனமே இல்லை. அதை அடித்து விரட்டினாலும் வயர் கடிபடுவது நிற்காது.

நின்றுபோகிற பழுதுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரில் கயிற்றை எத்தனை தடவை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பிளக்கையும் கார்புரேட்டரையும் கழற்றுவதற்கு முன்னால் ஆயில் லெவல் சென்சரிலிருந்து வரும் வயரைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் அந்த வயர் இக்னிஷனை பாடியோடு இணைத்து எஞ்சினை நிறுத்திவிடும். எலி அதன் தோலைக் கடித்து, உள்ளே இருக்கும் செம்பு பாடியைத் தொட்டுவிட்டால், ஆயில் நிறைய இருந்தாலும் ஸ்பார்க் வராது. ஆஃப் சுவிட்சுக்குப் போகும் வயருக்கும் இதே கதிதான். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் வேறு யாரோ வந்து புதிய பிளக், புதிய கார்புரேட்டர் எல்லாம் போட்டிருந்தார்கள். "போன மாசம்கூட ஓடுச்சே தம்பி" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். கோளாறு விரல் நீளம்கூட இல்லாத ஒரு வயரில் இருந்தது.

இனி ஓடிக்கொண்டே இருக்கிற பழுதுகள்.

முதலாவது பெட்ரோல் டியூப். எலி அதை முழுசாக அறுக்காமல் பாதி கடித்துவிட்டால், டேங்க்கின் வால்வைத் திறந்ததும் சொட்டுச் சொட்டாகக் கசியும். அது விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே சூடான சைலன்சர் இருக்கிறது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வாடை வந்தால் வால்வை மூடுங்கள், நிறுத்துங்கள். எஞ்சின் ஆறும்வரை கிட்டே விளக்கோ, ஊதுவத்தியோ, சிகரெட்டோ வேண்டாம்.

இரண்டாவது, டீசல் செட்டில் ஆயில் பிரஷர் சுவிட்சின் வயர். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான், ஏனென்றால் வெளியில் எந்த அடையாளமும் தெரியாது. பெரும்பாலான செட்களில் ஆயில் அழுத்தம் விழுந்தால் இந்த சுவிட்ச் எர்த்தோடு சேர்ந்து கன்ட்ரோல் பேனலுக்குத் தகவல் கொடுக்கும், பேனல் எஞ்சினை நிறுத்தும். வயரே அறுந்துவிட்டால் தகவல் போகாது. எல்லாம் நன்றாக இருப்பதாகவே பேனல் எடுத்துக்கொள்ளும். ஆயில் இல்லாமல் ஓடி எஞ்சின் இறுகி நின்றுபோகும்போதுதான் தெரியவரும். இதை நீங்களே சோதிக்கலாம். ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். ஆயில் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் நல்லது என்று நினைக்காதீர்கள். பல்ப் போயிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். இரண்டில் எது என்று தெரியும்வரை ஓட்ட வேண்டாம். டிஜிட்டல் பேனல் என்றால் மெக்கானிக்கை வைத்துச் சோதியுங்கள். டெம்பரேச்சர் சுவிட்ச் வயரையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது ஏவிஆர். வோல்டேஜைச் சீராக வைக்கிற சின்னப் பெட்டி அது. வெளியே எவ்வளவு வோல்டேஜ் போகிறது என்று அறிய அதற்கு சென்ஸிங் வயர் உண்டு. அது அறுந்தால், வோல்டேஜே இல்லை என்று எடுத்துக்கொண்டு ஏற்றிக்கொண்டே போகும் ஏவிஆர்கள் இருக்கின்றன. சிலவற்றில் இதற்குத் தடுப்பு உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதை வெகுவாகத் தாண்டிப் போனால் ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் ஒரே நிமிஷத்தில் போய்விடும். ஸ்டார்ட் செய்தவுடன் வீட்டு லைனை ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பாமல், மீட்டரைப் பார்த்துவிட்டுத் திருப்பும் பழக்கம் வேண்டும்.

அப்புறம் எர்த். ஃபேஸ் வயரின் தோல் கடிபட்டு கேனோபியின் இரும்பைத் தொட்டாலும், எர்த் வயர் சரியாக இருந்தால் தப்பிக்கலாம். அதையும் எலி கடித்திருந்தால், மழையில் நனைந்த காலோடு கேனோபிக் கதவைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். ஜெனரேட்டர் லைன் பல வீடுகளில் அதன் வழியாக வருவதே இல்லை. வந்தாலும், ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாவிட்டால் ஆர்சிசிபி துண்டிக்காமல் போகலாம்.

கூடும் சும்மா இருப்பதில்லை. பெட்ரோல் ஜெனரேட்டரில் கயிறு இழுக்கும் மூடிக்குப் பின்னால்தான் குளிர்விக்கும் விசிறி இருக்கிறது. அங்கே துணி, பஞ்சு, காகிதம் அடைந்துவிட்டால் காற்று போகாமல் எஞ்சின் சூடேறும், சில நேரம் கூடே பற்றிக்கொள்ளும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

சரி, கடிபட்டிருப்பது தெரிந்துவிட்டது. கைவைக்கும் முன் ஆட்டோ ஸ்டார்ட் இருந்தால் அதை ஆஃப் செய்யுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் செட்டாக இருந்தால் பிளக் கேப்பையும் கழற்றுங்கள். நீங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், எஞ்சின் தானாகவே கிளம்பிவிடக் கூடாது. சுத்தம் செய்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. காய்ந்த புழுக்கையையும் கூட்டையும் துடைப்பத்தால் கூட்டவோ, ப்ளோயரால் ஊதவோ வேண்டாம். எலியின் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல் பரவும், கையில் சின்ன வெட்டு இருந்தாலே போதும். ரப்பர் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துணியால் அள்ளுங்கள். வைண்டிங் (கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் கம்பிச் சுருள்) மேலும் பேனல் மேலும் அந்தத் தண்ணீர் படக் கூடாது. பிறகு சில நாட்களில் காய்ச்சல் வந்தால், எலிக்கூட்டைச் சுத்தம் செய்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பழுது பார்க்கும்போது நான் ஏற்றுக்கொள்ளாத ஒன்று, கடிபட்ட வயரில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போவது. எஞ்சின் சூட்டில் அதன் பசை இளகிவிடும், அதிர்வில் டேப் நழுவிவிடும். கனெக்டரிலிருந்து கனெக்டர் வரை வயரையே மாற்றுவதுதான் சரியான வேலை. முடியாத இடத்தில் வயர் முனைகளை உலோகக் குழலில் வைத்து அழுத்தி இணைத்து (கிரிம்ப்), சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, சூடு தாங்கும் குழாய்க்குள் விட வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் எல்லா அளவிலும் ஸ்லீவ் கிடைக்கிறது. பெட்ரோல் டியூபை ஒட்டக் கூடாது, வெட்டி இணைக்கவும் கூடாது, புதிதாகத்தான் போட வேண்டும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால், அதைத் தாங்கும் டியூபாகக் கேட்டு வாங்குங்கள். ஆல்டர்னேட்டர் வைண்டிங்கில் எலிச் சிறுநீர் பட்டிருந்தால் உடனே ஓட்டாதீர்கள். ஏவிஆரைக் கழற்றி வைத்துவிட்டு, இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவியான 500 வோல்ட் மெகரால் அளக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் சுத்தம் செய்து, காயவைத்து, மறுபடி அளக்க வேண்டும். ஏவிஆரைக் கழற்றாமல் மெகர் வைத்தால் அதுவும் போய்விடும். இந்த வேலையை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

வராமல் தடுக்க நான் நம்புவது இரும்பைத்தான். அந்துருண்டை, புகையிலை, புதினா எண்ணெய் எல்லாம் வாடை இருக்கும்வரைதான். கேனோபியின் காற்றுத் துவாரங்களுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத துத்தநாகம் பூசிய (ஜிஐ) இரும்புக் கம்பி வலையை, கழற்றித் துடைக்கிற மாதிரி ஃப்ரேமில் அடியுங்கள். கொசுவலை போடாதீர்கள். அதை எலி கடித்துவிடும், எஞ்சினுக்குக் காற்றும் குறையும். கேபிள் உள்ளே நுழைகிற ஓட்டையில், கேபிளைச் சுற்றி இறுக்கி அடைக்கும் கிளாண்ட் போடுங்கள். சுவர் ஓட்டையில் பாத்திரம் தேய்க்கும் எஃகு நாரைத் திணித்து அதன் மேல் சிமென்ட் பூசுங்கள். வெளியே ஓடும் கேபிளை இரும்பு ஃப்ளெக்ஸிபிள் குழாய்க்குள் விடுங்கள்.

சுற்றி இருக்கும் இடமும் முக்கியம். பழைய பேப்பர் கட்டு, அரிசி மூட்டை, நாய் பிஸ்கட் பை எல்லாம் ஜெனரேட்டரை ஒட்டி வைப்பதுதான் நிறைய வீடுகளில் நடக்கிறது. மொட்டை மாடியில் காக்கைக்குச் சோறு வைப்பதை விட வேண்டாம். ஷெட்டிலிருந்து தள்ளி வையுங்கள், மிச்சத்தைச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுங்கள். மாடியைத் தொடும் கிளையை வெட்டுங்கள். மாதம் ஒரு தடவையாவது உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஃபேன், ஃபிரிட்ஜ் என்று லோடு கொடுத்து 20 நிமிஷம் ஓட்டுங்கள். மழை என்று பெட்ரோல் செட்டை வீட்டுக்குள்ளேயோ படிக்கட்டுக்கு அடியிலேயோ வைத்து ஓட்டாதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

எலி மருந்து பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2024 நவம்பரில் குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை கல்லீரலைக் கெடுத்துக் கொல்லக்கூடியது, தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது. கேனோபிக்குள் மருந்து வைத்தால் எலி உள்ளேயே ஏதாவது ஒரு இடுக்கில் போய்ச் செத்துக் கிடக்கும். செத்த எலியைத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும்கூட விஷம் போய்ச் சேரும். கூண்டுப் பொறியில் கருவாடோ தேங்காய்ச் சில்லோ வைத்து, சுவரை ஒட்டி வையுங்கள். எலி சுவரோரமாகத்தான் நடக்கும்.

அபார்ட்மென்ட்களில் இன்னொரு சிக்கல். ஸ்டார்ட் செய்யும் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், கேனோபிக் கதவின் சாவி செயலாளர் வீட்டில் இருக்கும். அதனால் யாருமே உள்ளே பார்க்காமல் ஸ்டார்ட் செய்கிறார்கள். செப்டம்பருக்குள் இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டி, கூடவே ஒரு டார்ச்சும் வைத்து வாட்ச்மேனிடம் கொடுங்கள். திறந்து பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று அவரிடம் நேரில் சொல்லுங்கள். வாடையோ புழுக்கையோ இருந்தால் எந்த நேரமானாலும் உங்களை எழுப்பலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.