சின் குக்கீ போட்டாச்சு, அப்புறம் ஏன் சர்வர் விழுகிறது?

போன மாதமும் அதே கதைதான். வாகனங்களைக் கண்காணிக்கும் ஒரு நிறுவனம். பஸ், லாரிகளில் பொருத்திய ஜிபிஎஸ் கருவிகள் சிம் கார்டு வழியாக நேரே டிசிபி இணைப்பு போட்டு இருப்பிடத்தை அனுப்பும்; அதை வாங்கிக்கொள்ளும் சர்வரை அவர்களே எழுதியிருக்கிறார்கள். யாரோ அந்த போர்ட்டைக் கண்டுபிடித்து வெறும் இணைப்புகளாகத் திறந்துகொண்டே போக, மேப்பில் வண்டிகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. என்ன பாதுகாப்பு வைத்திருந்தீர்கள் என்று கேட்டால், "சின் குக்கீ ஆன்லதான் சார் இருக்கு" என்கிறார்கள். இந்தப் பதிலை எத்தனை இடத்தில்தான் கேட்பது?

சின் குக்கீ எதற்காக வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணைய சேவை நிறுவனத்தைப் போலி முகவரியிலிருந்து வந்த சின் (SYN) பாக்கெட்டுகள், அதாவது இணைப்பு கேட்டு அனுப்பும் முதல் பாக்கெட்டுகள், முடக்கிப்போட்டன. பாதியில் நிற்கும் ஹேண்ட்ஷேக்குகளை (இணைப்பைத் தொடங்க இரு பக்கமும் பேசிக்கொள்ளும் பாக்கெட்டுகள்) நினைவில் வைத்திருக்கும் வரிசை நிரம்பியதும், உண்மையான வாடிக்கையாளருக்கு இடமில்லை. அதே மாதத்தில் டேனியல் பெர்ன்ஸ்டைன் முதலானோர் முன்வைத்த வழிதான் சின் குக்கீ: சர்வர் எதையும் நினைவில் வைக்காமல், தேவையான விவரத்தைத் தான் அனுப்பும் சீக்வென்ஸ் எண்ணுக்குள்ளேயே பொதிந்து அனுப்பும், எதிர்ப்பக்கம் சரியான பதில் வந்தால்தான் இணைப்பே உருவாகும். போலி முகவரிக்காரனுக்கு நம் எண் போய்ச் சேராது, அதனால் அவனால் பதில் சொல்லவும் முடியாது. அருமையான யோசனை, கட்டாயம் ஆனில் இருக்கட்டும். ஆனால் ஹேண்ட்ஷேக்கை ஒழுங்காக முடித்துவிட்டு, உள்ளே வந்து ஒரு பைட்டும் அனுப்பாமல் உட்கார்ந்திருப்பவனை சின் குக்கீ என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அவன் முகவரி உண்மை, அவன் பதில் சரி. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலைப் பொறுத்தவரை அவன் நல்ல வாடிக்கையாளன். அதற்குப் பிறகு அவனைக் கவனிக்க வேண்டியது நீங்கள் எழுதிய புரோகிராம் மட்டும்தான்.

அந்த புரோகிராம் என்ன செய்தது தெரியுமா? லினக்ஸில் ஒரு ப்ராசஸ் திறக்கக்கூடிய ஃபைல் டிஸ்கிரிப்டர்கள் (திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் இணைப்புக்கும் ஒன்று) பல இடங்களில் இன்றும் 1024தான். ஒரு லேப்டாப் போதும், நிரப்பிவிடலாம். நிரம்பியதும், புது இணைப்பை வாங்கும் அக்செப்ட் அழைப்பு 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்று பிழை தரும். காத்திருக்கும் இணைப்போ வரிசையை விட்டு நகராது, அதனால் எந்த இணைப்பில் வேலை வந்திருக்கிறது என்று சொல்லும் லினக்ஸ் வசதியான ஈபோல் மறுபடியும் "இணைப்பு வந்திருக்கிறது" என்று எழுப்பும், மறுபடியும் அதே பிழை, ஒவ்வொரு சுற்றுக்கும் லாக் ஃபைலில் ஒரு வரி. சிபியு நூறு சதவீதம், கொஞ்ச நேரத்தில் டிஸ்க்கும் ஃபுல். தாக்குபவன் அதற்குள் கிளம்பிப் போயிருந்தாலும் டிஸ்க் நிரம்பியது நிரம்பியதுதான்.

உடனே யாராவது ஒருவர் யூலிமிட்டை, அதாவது அந்த டிஸ்கிரிப்டர் வரம்பை, லட்சத்துக்கு ஏற்றிவிட்டு நிம்மதியாகிவிடுவார். ஏற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இணைப்பு வந்த உடனே 64 கேபி பஃபர் ஒதுக்குகிறீர்கள் என்றால், லட்சம் இணைப்புக்கு ஆறு ஜிபிக்கு மேல். இதை யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா? முதல் பாக்கெட் வந்து அது நம் கருவிதான் என்று தெரியும்வரை பெரிதாக எதையும் ஒதுக்காதீர்கள், டேட்டாபேஸ் பக்கமே போகாதீர்கள். இணைப்புகளை எண்ணிக்கொண்டே வாருங்கள். லிமிட்டை நெருங்கினால் புது இணைப்புகளுக்காக லிசன் செய்யும் சாக்கெட்டைக் கொஞ்ச நேரம் ஈபோலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு டிஸ்கிரிப்டரைச் சும்மா திறந்து கையிருப்பாக வைத்துக்கொள்வது பழைய வித்தை: முட்டும்போது அதை மூடி, வந்த இணைப்பை வாங்கி உடனே துண்டித்துவிட்டு, திரும்பத் திறந்துகொள்ளலாம்.

அடுத்தது டைம்-அவுட். "30 செகண்ட் வைத்திருக்கிறோமே" என்பார்கள். எதற்கு 30? ஒவ்வொரு ரீடுக்கும். 29வது நொடியில் ஒரு பைட் அனுப்பினால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். 2009இல் ராபர்ட் ஹேன்சன் வெளியிட்ட ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் கருவி இதே பலவீனத்தை வைத்துத்தான் அப்பாச்சி வெப் சர்வர்களைப் படுக்க வைத்தது. பைத்தானின் செட்-டைம்-அவுட் ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியாக எண்ணும், மொத்தத்துக்கு அல்ல. கோ மொழியில் செட்-டெட்லைன் ஒரு குறிப்பிட்ட நேரத்தை வைக்கிறது, அது சரியான கருவி. அதையும் ஒவ்வொரு ரீடுக்கு முன்பும் தள்ளிப்போட்டால் பழைய கதைதான். இணைப்பு வந்ததிலிருந்து இத்தனை நொடிக்குள், கருவி தான் யார் என்று சொல்லும் லாகின் பாக்கெட் முழுசாக வந்து சேர வேண்டும், இல்லையென்றால் துண்டிப்பு. இப்படி ஒரே கெடு வையுங்கள். டிசிபி கீப்-அலைவ் இருக்கிறது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். லினக்ஸில் அது சும்மா விட்டால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் விழிக்கும், அப்போதும் தாக்குபவனுடைய கெர்னல் "இருக்கிறேன்" என்று ஒழுங்காகப் பதில் சொல்லிவிடும். செத்த இணைப்பைக் கண்டுபிடிக்க வந்தது அது.

ஒரு ஐபிக்கு இத்தனை இணைப்பு என்ற கட்டுப்பாடு அவசியம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பத்து, இருபது என்று வைக்காதீர்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஏராளமான சிம்கள் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் இருக்கும். உங்கள் பஸ்களையே நீங்கள் வெளியே தள்ளிவிடுவீர்கள். அந்த லிமிட்டை லாகின் இன்னும் முடிக்காத இணைப்புகளுக்கு மட்டும் வையுங்கள். ஐபிவி6 என்றால் முழு முகவரியை எண்ணிப் பயனில்லை, முதல் 64 பிட் ஒன்றாக இருக்கும் முகவரிகளை ஒரே /64 தொகுதியாக எண்ணுங்கள். ஒரே ஆள் அதற்குள் எத்தனை முகவரி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வான்.

இன்னொன்று, கருவிக்கு ஃபர்ம்வேர் எழுதுபவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: இணைப்பு அறுந்தால் சரியாக ஐந்து நொடியில் திரும்ப முயற்சி செய் என்று எழுதாதீர்கள். சர்வர் ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆனால் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் வந்து மோதும், நம் கருவிகளே நம்மைத் தாக்கியது போலத்தான். இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள், கொஞ்சம் ரேண்டமாகவும் ஆக்குங்கள்.

லைவுக்குப் போவதற்கு முன் உங்கள் டெஸ்ட் சர்வரில், இன்னொரு மெஷினிலிருந்து லிமிட்டைத் தாண்டி இணைப்புகளைத் திறந்து சும்மா விட்டுப் பாருங்கள். சாக்கெட்டுகளின் நிலவரம் காட்டும் 'எஸ்எஸ்' (ss) கட்டளையில் லிசன் வரிக்கு நேரே ரிசீவ்-க்யூ எண் ஏறி, பக்கத்தில் இருக்கும் சென்ட்-க்யூ எண்ணைத் தொட்டு அங்கேயே நிற்கிறதென்றால், அக்செப்ட் வரிசை நிரம்பிவிட்டது. அந்த நேரத்தில் ஒரு நிஜக் கருவியை இணைத்துப் பாருங்கள். அதன் லாகின் போகவில்லை என்றால் அன்றைக்கு ரிலீஸ் வேண்டாம்.