5 ஆம்பியர் பிரேக்கர் எதைக் காக்கிறது?

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் பலர், மின்னோட்டம் அளவு மீறினால் சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கரின் கணக்கைக் கருவியிலிருந்து தொடங்குகிறார்கள். ரேடியோ விலை உயர்ந்தது, அதைக் காப்பாற்ற எத்தனை ஆம்பியர் போடலாம் என்று யோசிக்கிறார்கள். ரேடியோவுக்குள் ஒரு சில்லு வெந்துபோக மில்லிவிநாடிகளே போதும். பிரேக்கர் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும்போது சில்லின் கதை முடிந்திருக்கும். பிரேக்கரின் வேலை, பேனலிலிருந்து ரேடியோ வரை ஓடும் வயர் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது.

வயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வயரின் தடிமனைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள்; எண் குறையக் குறைய வயர் தடிக்கும். 22 கேஜ் செம்பு வயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.053 ஓம். அதில் 5 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு 1.3 வாட் வெப்பம். 14 ஆம்பியர் ஓடினால் 10 வாட்டைத் தாண்டிவிடும். தனியாகக் காற்றில் தொங்கும் வயர் அதைத் தாங்கக்கூடும். ஆனால் இருபது வயர்களோடு சேர்த்து இறுகக் கட்டிய கட்டின் நடுவில் வெப்பம் வெளியேற வழியில்லை. மேலே போகப் போகக் காற்றும் மெலிந்துவிடுவதால் குளிர்ச்சி இன்னும் குறையும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ வெளியிட்ட ஏசி 43.13-1பி கையேடு 22 கேஜ் வயருக்கு 5 ஆம்பியர், 20-க்கு 7.5, 18-க்கு 10, 16-க்கு 15 ஆம்பியர் பிரேக்கர் என்று கையை இழுத்துப் பிடிப்பது இதனால்தான்.

சரி, 22 கேஜ் வயருக்கு 15 ஆம்பியர் பிரேக்கர் போட்டால் என்ன? முழு ஷார்ட் ஆனால் பெரிய பிரச்சினை இல்லை. அறுபது எழுபது ஆம்பியர் பாயும், பிரேக்கர் சட்டென்று விழும். ஆபத்து அரைகுறை ஷார்ட்டில்தான். 14 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், பிரேக்கர் அசையாது, வயர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும்.

வழக்கமான விமான பிரேக்கருக்குள் இருப்பது, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஈருலோகப் பட்டை. மின்னோட்டம் அதைச் சூடாக்கி வளைக்கும். வளைவு ஓர் எல்லையைத் தாண்டியதும் கொக்கி விடுபட்டுப் பொத்தான் வெளியே துள்ளும். 5 ஆம்பியர் பிரேக்கரில் 10 ஆம்பியர் ஓடினாலும் விழுவதற்குப் பல விநாடிகள் பிடிக்கும். இந்த நிதானம் ஒரு வசதியும்கூட. இழை விளக்கோ மோட்டாரோ தொடங்கும் கணத்தில் பல மடங்கு இழுக்கும்; அதற்கெல்லாம் பிரேக்கர் விழாது.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் லோடு (கருவி இழுக்கும் மின்னோட்டம்), பிறகு வயர், கடைசியில் பிரேக்கர். 14 வோல்ட் விமானத்தில் 8 ஆம்பியர் இழுக்கும் பிட்டோ ஹீட்டர் (வேகத்தை அளக்கும் குழாயில் பனி உறையாமல் சூடாக்குவது) இருக்கிறது, இறக்கை வழியாக 4 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வெப்பக் கணக்கில் 18 கேஜ் போதும். ஆனால் வழியிலேயே 0.67 வோல்ட் குறைந்துவிடுகிறது. தொடர்ந்து ஓடும் லோடுக்கு அந்தக் கையேடு அனுமதிப்பது அரை வோல்ட். 16 கேஜ் போட்டால் 0.42-க்கு வந்துவிடும். இது உலோக உடலைத் திரும்பு பாதையாகப் பயன்படுத்தும் விமானத்துக்கு. ஃபைபர் கிளாஸ் உடலென்றால் திரும்பி வரவும் ஒரு வயர் வேண்டும். நீளம் இரட்டிப்பாகும், 14 கேஜுக்குப் போனாலும் அரை வோல்ட் எல்லையைச் சற்றுத் தாண்டிவிடும். வயர் தடித்துவிட்டதே என்று பிரேக்கரை 20-க்கு உயர்த்த வேண்டியதில்லை, 10 போதும். வயரின் கொள்ளளவு மேல்வரம்பு மட்டுமே.

பிரேக்கரை மின்சாரம் வரும் முனையில் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் இருக்கும் வயருக்கு அதனால் எந்தக் காவலும் இல்லை.

எல்லோரையும் குழப்புவது, எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர். 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 60 ஆம்பியர் பிரேக்கர் என்பது பார்க்கப் பொருத்தமாகத்தான் தெரியும். பேட்டரி இறங்கியிருந்து, ஆல்டர்னேட்டரும் குளிர்ந்திருந்தால் அது முழு 60-ஐயும், சில சமயம் கொஞ்சம் கூடுதலாகவும் தரும்; பிரேக்கர் காரணமில்லாமல் விழும். உண்மையில் ஆல்டர்னேட்டர் தன் காந்தப்புல அமைப்பாலேயே தன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. அந்தத் தடித்த வயருக்கு ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள் உள்ளே ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதற்குள் கொட்டும். ஆகவே அங்கே ஆல்டர்னேட்டரின் அளவைவிடப் பெரிய பிரேக்கரைத் தாராளமாகப் போடலாம், வயரும் அதற்குத் தக்க தடிமனில் இருந்தால்.