பெயர் பொருந்தினால் போதாது: அமெரிக்கப் புரட்சிப் போரின் மிலிஷியா வீரரைத் தேடுவோருக்கு

தங்கள் முன்னோர் ஒருவர் அமெரிக்கப் புரட்சிப் போரில் சண்டையிட்டவர் என்று சொல்லி என்னிடம் வருபவர்கள், பெரும்பாலும் இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த வம்சாவளிப் பட்டியலின் அச்சுப் பிரதியோடுதான் வருகிறார்கள். அதில் படைவீரரின் பெயர் இருக்கும், படைப்பிரிவு இருக்கும், பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் படைவீரரும் அந்தப் பிள்ளைகளின் தகப்பனும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஒரு தாள்கூட இருக்காது. வம்சாவளி ஆய்வாளராக நான் அதிகம் காணும் பிழை இது. இன்னொரு குடும்பத்தின் தகப்பனை எடுத்து நம் குடும்பத்தில் வைப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மிலிஷியா என்பது உள்ளூர்க் குடிப்படை. கான்டினென்டல் ராணுவத்தில், அதாவது புரட்சியாளர்களின் நிரந்தரப் படையில், சேர்ந்தவர் ஆண்டுக்கணக்கில் இருந்திருப்பார். மிலிஷியா வீரரோ இரண்டு மாதம், மூன்று மாதம் போய்விட்டு வயல் வேலைக்குத் திரும்பிவிடுவார். மறு ஆண்டு வேறொரு கேப்டனின் கீழ் மீண்டும் போவார். எனவே அவரைப் பற்றிய குறிப்புகள் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். போதாததற்கு 1800 நவம்பரில் போர்த் துறை அலுவலகத்தில் பிடித்த தீ பெருமளவு ஆவணங்களை அழித்துவிட்டது. மிச்சமிருப்பதில் பெரும்பகுதி மாநில ஆவணக் காப்பகங்களின் ஊதியக் கணக்குகளிலும் வரிப் பட்டியல்களிலும் கிடக்கிறது. ஒரு பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே அவர் போருக்குப் போகவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

பெயர் இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். பென்சில்வேனியாவின் 1777ஆம் ஆண்டுச் சட்டம் 18 முதல் 53 வயது வரையிலான ஆண்களைப் பதிவு செய்து, எட்டு வகுப்புகளாகப் பிரித்து முறைவைத்து அழைத்தது. வகுப்புப் பட்டியலில் பெயர் இருப்பதற்கு, அழைத்தால் போகக் கடமைப்பட்டவர் என்று மட்டுமே பொருள். அவர் அபராதம் கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்திருக்கலாம். பணம் கொடுத்துப் பதிலாள் ஒருவரை அனுப்பியிருக்கலாம்.

ஆளை அடையாளம் காண நான் முதலில் பிடிப்பது கேப்டனின் பெயரை. மிலிஷியா கம்பெனி, அதாவது ஒரு கேப்டனின் கீழ் இருந்த படைக்குழு, ஏறக்குறைய ஒரே வட்டாரத்து ஆண்களின் கூட்டம். அண்ணன் தம்பி, மைத்துனன், பக்கத்து நிலத்துக்காரர் எல்லாம் அதில் இருப்பார்கள். கேப்டன் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்தால், அந்த ஊரின் வரிப் பட்டியலிலும் நிலப் பத்திரங்களிலும் உயில்களிலும் நம் ஆளின் குடும்பத்தைத் தேடலாம். இதில் கவுண்டி (மாநிலத்துக்குள் இருக்கும் மாவட்டம் போன்ற பிரிவு) எல்லைகள் காலை வாரிவிடும். வட கரோலினாவின் டிரையன் கவுண்டி 1779இல் லிங்கன், ரூதர்ஃபோர்டு என இரண்டாகப் பிரிந்து மறைந்துபோனது. போரின் தொடக்கத்தில் டிரையனில் படைக்குப் போனவர், வீடு மாறாமலேயே பின்னாளில் ரூதர்ஃபோர்டுக்காரர் ஆகியிருப்பார்.

இந்தத் தேடலில் மிகப் பெரிய புதையல் 1832 ஜூன் 7ஆம் தேதிச் சட்டத்தால் வந்த ஓய்வூதிய மனுக்கள். 1818ஆம் ஆண்டுச் சட்டம் கான்டினென்டல் வீரர்களுக்கானது. 1832இல்தான் ஆறு மாதமாவது சேவை செய்த மிலிஷியா வீரர்களுக்கும் வழி பிறந்தது. மனு செய்த முதியவர்களிடம் எங்கே, எந்த ஆண்டு பிறந்தீர்கள், படைக்கு அழைக்கப்பட்டபோது எங்கே வசித்தீர்கள், பிறகு எங்கெல்லாம் குடியிருந்தீர்கள், தாமாகச் சேர்ந்தீர்களா, பதிலாளாகப் போனீர்களா, உங்களை அறிந்த அண்டைவீட்டார் யார் என்றெல்லாம் நீதிமன்றம் கேட்டுப் பதிவு செய்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உழவரின் வாழ்க்கைப் பயணம் முழுவதும் இப்படி ஒரே தாளில் கிடைப்பது எத்தனை அரிது!

ஒருமுறை ஒரே கவுண்டியில், ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே வயதில் இருவர் நின்றார்கள். வந்தவரின் குடும்பம் மனு செய்தவரைத் தன் முன்னோராகக் கருதியிருந்தது. மனுவில் மனுதாரர் தெளிவாகக் கையெழுத்திட்டிருந்தார். அந்தக் குடும்பத்து முன்னோரோ நிலப் பத்திரம் ஒவ்வொன்றிலும், எழுதத் தெரியாதவர்களைப் போல, கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறிதான் போட்டிருந்தார். அதை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மனுவுக்குச் சாட்சி சொன்ன அண்டைவீட்டார் அனைவரும் கவுண்டியின் மறுகோடியில் நிலம் வைத்திருந்தவர்கள் என்று வரிப் பட்டியல் காட்டிய பிறகே, இவர் வேறு ஆள் என்று எழுதிக் கொடுத்தேன். குடும்பத்துக்கு வருத்தம்தான்.

ஓய்வூதியக் கோப்பு எண்ணின் முன்னால் உள்ள ஆங்கில எழுத்தையும் கவனியுங்கள். எஸ் என்றால் வீரர், டபிள்யூ என்றால் விதவை, ஆர் என்றால் நிராகரிக்கப்பட்டது. நிராகரிப்பு என்றதும் பலர் பொய் மனு என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். ஆறு மாதம் நிரம்பவில்லை, சேவையை மெய்ப்பிக்கச் சாட்சி உயிரோடு இல்லை போன்ற காரணங்களுக்காகவும் மறுத்திருக்கிறார்கள். குடும்ப விவரங்கள் அவற்றிலும் உண்டு. விதவைகளின் கோப்புகளோ இன்னும் வளமானவை. திருமணத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால், பிள்ளைகளின் பிறந்த தேதிகள் எழுதிய குடும்ப பைபிளின் பக்கங்களைக் கிழித்தே அனுப்பிய பெண்கள் உண்டு. அந்தப் பக்கங்கள் இன்றும் கோப்புகளில் இருக்கின்றன.

ஏறத்தாழ 80,000 கோப்புகள் கொண்ட இந்தத் தொகுப்பு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில், எம்804 என்ற மைக்ரோஃபிலிம் வரிசையில் முழுமையாக உள்ளது. எம்805 வரிசையில் பெரிய கோப்புகளின் தேர்ந்தெடுத்த சில பக்கங்கள் மட்டுமே இருக்கும். ஆய்வாளர் யாராவது உங்களுக்கு அறிக்கை கொடுத்தால், எந்த வரிசையைப் பார்த்தார் என்று முதலில் கேளுங்கள். சாட்சிகளின் வாக்குமூலங்கள் விடுபட்ட பக்கங்களில் இருக்கலாம்.