பஸ் நஷ்டத்தில் ஓடுகிறது, சரி. யார் கணக்கில்?

பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது என் தொழில். எந்தத் தடத்தில் எத்தனை வண்டி, ஒரு நாளைக்கு எத்தனை நடை (ட்ரிப்), முதல் வண்டி எத்தனை மணிக்கு டிப்போவை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதுகிற வேலை. பதினேழு வருடமாக இதுதான் பிழைப்பு. யாரிடமாவது இதைச் சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "ஏன் சார், பஸ் எல்லாம் எப்பவும் நஷ்டத்துலயே ஓடுது?"

முன்பெல்லாம் எரிபொருள், சம்பளம், உதிரிபாகம் என்று வரிசையாக விளக்கம் சொல்வேன். இப்போது பதிலுக்கு நானும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு முன்னால் போகிற சாலை போன வருடம் எவ்வளவு லாபம் பார்த்தது? தெருவிளக்கு? மழைநீர் வடிகால்? சிரித்துவிடுவார்கள். சாலையிடம் கணக்குக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. பஸ்ஸில் மட்டும் டிக்கெட் கிழிக்கிறோம், அதனால் கணக்கும் கேட்கிறோம்.

நஷ்டம் என்பது பொய்யில்லை. டிக்கெட் வசூல் முழுச் செலவையும் ஈடுகட்டாத நகரங்கள்தான் உலகில் பெரும்பாலும். ஆனால் அந்தச் செலவு மொத்தமும் ஒரே பேரேட்டில் விழுகிறது. வரவோ ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. ஆள் நேரத்துக்கு வந்து சேருவது முதலாளிக்கு வரவு. நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மனை வைத்திருப்பவருக்கு விலை ஏறுவது வரவு. காரில் போகிறவருக்கும் வரவு உண்டு. பஸ்ஸில் இருக்கிற அறுபது பேரும் ஆளுக்கொரு வண்டி எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றால் அது என்னவென்று தெரியும். இதில் எதுவும் பஸ் நிர்வாகத்தின் கணக்கில் ஏறாது.

செலவிலும் ஒரு பங்கு எந்தக் கணக்கிலும் ஏறாமல் போகிறது. பயணி காத்திருக்கிற நேரம்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிறுத்தத்தில் காலை ஏழு மணியிலிருந்து நோட்டும் கைக்கடிகாரமுமாக நின்றேன். அட்டவணைப்படி 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி. 7.02-க்கு ஒன்று வந்தது. 7.04-க்கு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அப்புறம் 7.32 வரை ஒன்றுமே இல்லை. 7.34-க்கு மறுபடி ஜோடி. ஒன்பது மணி வரை ஏறக்குறைய இதே கதைதான். முன்னால் வருகிற வண்டியில் படி வரை ஆள். பின்னால் வருவது பாதி காலி.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. முன்வண்டி ஒரு சிக்னலில் கொஞ்சம் மாட்டிக்கொண்டால் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாக ஆள் சேர்ந்துவிடும். அவர்கள் ஏறி முடிக்க இன்னும் தாமதம். பின்வண்டிக்கு ஏற்றவே ஆள் இருக்காது, அது விறுவிறுவென்று வந்து ஒட்டிக்கொள்ளும்.

டிப்போ பதிவேட்டில் எல்லாம் ஒழுங்கு. மணிக்கு நாலு வண்டி போக வேண்டும், நாலும் போயிருக்கின்றன. சராசரி இடைவெளி 15 நிமிடம். ஆகவே பயணி சராசரியாக ஏழரை நிமிடம் நின்றிருப்பார் என்று மேஜையில் உட்கார்ந்து சொல்லிவிடலாம். நிறுத்தத்தில் கணக்கு வேறு. சீராக ஆட்கள் வந்துகொண்டிருந்தால், 30 பேரில் 28 பேர் அந்த 28 நிமிட இடைவெளிக்குள்தான் வந்து சேருவார்கள். அவர்கள் நிற்பது சராசரியாக 14 நிமிடம். மீதி இரண்டு பேர் அதிர்ஷ்டசாலிகள், ஒரு நிமிடம். மொத்தமாகச் சேர்த்து வகுத்தால் 13 நிமிடத்துக்கும் மேல் வருகிறது. "பஸ்ஸே வரல" என்று ஒருவர் எழுதுகிற புகாரும் "எல்லா நடையும் இயக்கப்பட்டன" என்று அலுவலகம் அனுப்புகிற பதிலும் ஒரே காலைப் பொழுதைப் பற்றியவை. இரண்டும் உண்மை.

இன்னொன்றும் உண்டு. காத்திருக்கும் ஒரு நிமிடத்தை, வண்டிக்குள் போகும் ஒரு நிமிடத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமாக எடுத்துக்கொள்வது எங்கள் துறையில் வழக்கம். நின்று பழகியவர்களுக்கு இதை யாரும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை.

ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளாதார அறிஞர் 1972-இல் இந்தக் காத்திருப்பைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். சாதாரணமாக ஒரு பொருளுக்குக் கூட்டம் கூடினால் மற்றவர்களுக்குத் தொல்லை. சாலையில் இன்னொரு கார் வந்தால் எல்லோருக்கும் தாமதம். பஸ்ஸில் தலைகீழ். ஆள் கூடினால் வண்டி கூட விட வேண்டிவரும். வண்டி கூடினால் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தவருக்கும் காத்திருப்பு குறையும். புதிதாக ஏறும் பயணி, தனக்குத் தெரியாமலே பழைய பயணிக்கு ஒரு உபகாரம் செய்கிறார். டிக்கெட் காசு மட்டும் போதாது, பொதுப்பணமும் வர வேண்டும் என்று சொல்வதற்குப் பொருளாதாரத்தில் இருக்கிற வலுவான காரணங்களில் இது ஒன்று. இதே சக்கரம் பின்பக்கமும் சுற்றும் என்பதுதான் பயம். வசூல் குறைவு என்று நடையைக் குறைத்தால் காத்திருப்பு கூடும், காத்திருப்பு கூடினால் ஆள் குறையும், ஆள் குறைந்தால் வசூல் இன்னும் குறையும்.

அந்தச் சக்கரத்தை நானே ஒருமுறை பின்பக்கமாகத் தள்ளியிருக்கிறேன். ஒரு தடத்தில் இரவு 10.10 நடையில் சராசரியாக 11 பேர்தான் வந்துகொண்டிருந்தார்கள். சிக்கனம் செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு. அந்த வரியில் கோடு கிழித்தேன். கடைசி வண்டி 9.15 என்று ஆனது. சில மாதம் கழித்து அதே பகுதியில் வீடு வீடாகப் போய்ப் பயணக் கணக்கெடுப்பு நடத்தினோம். ஒரு வீட்டு வாசலில் புது இரண்டு சக்கர வண்டி நின்றது. கிடங்கு ஒன்றில் பொருள் அடுக்கும் வேலை அந்த வீட்டுக்காரருக்கு, ஷிஃப்ட் முடிவது பத்து மணி. "கடைசி பஸ் போயிருச்சு, அதான் லோன் போட்டு எடுத்தேன்" என்றார். மாதம் வண்டிக்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்டதற்குப் பெட்ரோல் செலவை மட்டும் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். தவணை, காப்பீடு, சர்வீஸ், டயர் எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே ஒரு தாளில் எழுதிக் கூட்டினோம். சம்பளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

நான் மிச்சம் பிடித்தது ஒரு நடை. அது நேராக அவர் வீட்டுச் செலவில் போய் ஏறிவிட்டது. கையில் வண்டி வந்த பிறகு காலையிலும் அவர் பஸ்ஸுக்கு வருவதில்லை. இரவு வீடு திரும்ப வண்டி கிடைக்குமா என்ற சந்தேகம் இருந்தால் காலையில் யாரும் பஸ்ஸை நம்பிக் கிளம்ப மாட்டார்கள். 11 பேரை ஏற்றிவந்த கடைசி வண்டி, காலை வண்டிக்கும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. இதைக் காட்டுகிற பத்தி எங்கள் பதிவேட்டில் கிடையாது.

முதலீடு என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோர் மனதிலும் சுரங்கமும் தூணும் கண்ணாடி வைத்த நிலையமும்தான் வருகின்றன. மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு திசையில் மணிக்கு முப்பது, நாற்பதாயிரம் பேர் போகிற வழியில் சாதாரண பஸ் தாக்குப்பிடிக்காது. ஆனால் பெரிய திட்டங்களின் மதிப்பீட்டைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும் என்பேன். பெண்ட் ஃப்ளூபியா என்ற டென்மார்க் ஆய்வாளரும் அவர் குழுவும் பல நாடுகளின் திட்டங்களைச் சேர்த்துப் பார்த்ததில், ரயில் திட்டங்களின் செலவு மதிப்பீட்டைவிட சராசரியாக 45 விழுக்காடு கூடியிருந்தது. வந்த பயணிகளோ முன்கணிப்பில் பாதி அளவுதான்.

அதே நேரம், ஒரு வாளி வெள்ளை பெயின்ட் என்ன செய்யும் என்று பாருங்கள். ஒரு தடத்தில் போய்த் திரும்ப 120 நிமிடம் ஆகிறது, பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வேண்டும் என்றால் 12 வண்டி தேவை. நெரிசலான இடங்களில் பெயின்டால் கோடு போட்டு பஸ்ஸுக்குத் தனிப் பாதை ஒதுக்கி, நாலு சிக்னலில் முன்னுரிமை கொடுத்து, 20 நிமிடம் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். போய்த் திரும்ப 100 நிமிடம். அதே பத்து நிமிட இடைவெளிக்கு 10 வண்டி போதும். இரண்டு வண்டி, அவற்றுக்கான இரண்டு ஷிஃப்ட் ஊழியர்கள், எரிபொருள் எல்லாம் வேறு தடத்துக்குக் கிடைக்கிறது. அல்லது 12 வண்டியையும் அதே தடத்தில் விட்டால் எட்டரை நிமிடத்துக்குள் ஒன்று வரும். கூடுதல் பணம் போடாமலே சேவை கூடுகிறது. இவ்வளவு லாபமான வேலை எங்கள் துறையில் வேறு எதுவும் இல்லை. இதற்குச் சம்மதம் வாங்குவதுதான் மிகக் கஷ்டமும்கூட. பெயின்ட் அடிக்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே யாரோ காரை நிறுத்தியிருப்பார்கள்.

பஸ்ஸுக்கு ஒதுக்கினால் மற்ற வண்டிகளுக்கு இடம் போதாதே, சாலையை அகலப்படுத்தலாமே என்பது அடுத்து வரும் பேச்சு. உச்ச நேர நெரிசல் புதிய சாலையையும் நிரப்பிவிடும் என்று ஆன்டனி டவுன்ஸ் 1962-இலேயே எழுதிவிட்டார். 2011-இல் டுராண்டன், டர்னர் இருவரும் அமெரிக்க நகரங்களின் நெடுஞ்சாலைக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். சாலையின் அளவு எந்த விகிதத்தில் கூடியதோ, வண்டிகள் ஓடிய தூரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடியிருந்தது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

பணம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்வி. சிதறிக் கிடக்கிற வரவில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிய இடங்களிலிருந்து பதில் கிடைக்கிறது. பாரிஸ் வட்டாரத்தில் 1971 முதல், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஊழியர் வைத்திருக்கும் நிறுவனங்கள் சம்பளத் தொகையில் ஒரு பங்கைப் போக்குவரத்துக்குக் கட்ட வேண்டும். ஆள் நேரத்துக்கு வருவதில் முதலாளிக்குப் பங்கு உண்டு என்ற தர்க்கம். பிறகு இது பிரான்சின் மற்ற நகரங்களுக்கும் போனது. ஹாங்காங்கில் ரயில் நிறுவனத்துக்கு நிலையத்தை ஒட்டிய நிலத்தில் கட்டும் உரிமையை ரயில் வருவதற்கு முந்தைய விலையில் அரசு கொடுக்கிறது. ரயிலால் ஏறுகிற விலை ரயில் போடுகிறவருக்கே திரும்புகிறது. லண்டனில் 2022-இல் திறந்த எலிசபெத் ரயில் தடத்துக்காக 2010 முதல் பெரிய வணிகக் கட்டடங்கள் மீது கூடுதல் வரி விதித்தார்கள். மூன்றும் மூன்று வழி. எல்லா ஊருக்கும் எல்லாமும் பொருந்தாது, ஹாங்காங் முறைக்கு நிலம் அரசின் கையில் இருக்க வேண்டும்.

கட்டணமே இல்லாமல் விட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. எஸ்டோனியாவின் தாலின் நகரம் 2013-இல் தன் குடியிருப்பாளர்களுக்கும், லக்சம்பர்க் நாடு 2020-இல் எல்லோருக்கும் அப்படிச் செய்தன. ஏழைக்கு அது பெரிய உதவி, மறுக்க மாட்டேன். ஆனால் கையில் ஒரு தொகை கொடுத்து, இலவசமா கூடுதல் நடையா என்று கேட்டால், கூடுதல் நடை என்றுதான் சொல்வேன். வராத பஸ் இலவசமாக இருந்து என்ன பயன்? வியன்னா 2012-இல் வருடப் பாஸை 449 யூரோவிலிருந்து 365 யூரோவாகக் குறைத்தது, அதாவது நாளைக்கு ஒரு யூரோ. கூடவே கார் நிறுத்தக் கட்டணம் வாங்கும் பகுதிகளையும் விரிவாக்கியது. ஒரு கை கொடுத்தது, ஒரு கை வாங்கியது.

எனக்குப் பிடித்த உதாரணம் சியோல். 2004 ஜூலை 1 அன்று, ஒரே நாளில், அங்கே பஸ் தடங்களைத் திருத்தி அமைத்தார்கள். அதுவரை தனியார் நிறுவனங்கள் கூட்டம் வருகிற தடத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தன. தடமும் நேரமும் நகராட்சி முடிவு செய்யும், ஓடிய தூரத்துக்குப் பணம் என்று ஆனதும் அந்தப் போட்டிக்கு அர்த்தம் இல்லாமல் போனது. பஸ்ஸிலிருந்து பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ மாறினால் புதிதாக அடிப்படைக் கட்டணம் கிடையாது; மொத்தம் போன தூரத்துக்குத்தான் கணக்கு. முதல் நாட்களில் அட்டை இயந்திரம் கோளாறு, ஒரே குழப்பம். பிறகு பழகிவிட்டது. மானியச் செலவு கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வேலைக்குப் போகிற வழியில் குழந்தையைப் பள்ளியில் விட்டு, திரும்பும்போது மருந்து வாங்கி வருகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது பெண்ணாகத்தான் இருக்கும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் புது டிக்கெட் என்றால், நேராகப் போய் வருகிறவரைவிட அவர்தான் அதிகம் கட்டுகிறார். வீட்டு வேலைக்கு வரி போட்ட மாதிரி.

உங்கள் ஊரில் புது வழித்தடமோ புது நிலையமோ அறிவிக்கும்போது, கட்டுமானத் தொகையைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். திறந்த பிறகு வருடா வருடம் ஓட்டுவதற்குப் பணம் எங்கே ஒதுக்கியிருக்கிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வரும், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். புகார் எழுதும்போதும் "சேவை மோசம்" என்று எழுதினால் அது கோப்பில் போய்த் தூங்கிவிடும். தேதி, நேரம், தட எண் வேண்டும்.

ஒருமுறை மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி முடிக்கும் செவிலியர்கள் ஐந்தாறு பேர் அப்படி ஒரு பட்டியலோடு வந்தார்கள். ஒரு மாதம் முழுக்கக் கையால் எழுதியது. காலை 7 மணிக்குப் பணி முடிகிறது, நிறுத்தத்துக்கு 7.10-க்கு வருகிறார்கள், வண்டி 7.06-க்குப் போய்விடுகிறது, அடுத்தது 7.50. முப்பது நாளும் அதே. எங்கள் கணினியில் அது "நேரம் தவறாத நடை" என்று பச்சை நிறத்தில் இருந்தது. அந்த நடையை எட்டு நிமிடம் பின்னுக்குத் தள்ளினேன். எதிர்முனையில் அந்த வண்டிக்கு எப்படியும் பதினைந்து நிமிடம் ஓய்வு இருந்ததால் காசு ஒன்றும் கூட ஆகவில்லை. இப்போது அந்த நடையில் உட்கார இடம் கிடைப்பதில்லை என்று போன மாதம் ஒரு புகார் வந்திருக்கிறது. தேதி, நேரம், தட எண் எல்லாம் போட்டு.