மழை குறைவா, மண்ணில் இறங்குவது குறைவா?

மழையை மட்டும் நம்பிப் பயிர் செய்யும் மானாவாரி விவசாயிகளோடு பேச உட்கார்ந்தால் முதலில் வருவது மழைக் குறைதான். அதை நான் மறுப்பதில்லை. ஆனால் அவர்கள் நிலத்தைப் பார்க்கப் போகும்போது விரல் தடிமனில் ஓர் இரும்புக் கம்பியை எடுத்துப் போவேன். நல்ல மழை பெய்த மறுநாள் அதை நிலத்தில் அழுத்திப் பார்ப்போம். ஈரம் இருக்கும்வரை தடையின்றி இறங்கும். காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். வரப்போரம் இரண்டு சாண் இறங்கும் கம்பி, அதே நிலத்தின் மேட்டில் நாலு விரற்கடையோடு நிற்பதுண்டு. பெய்தது ஒரே மழை!

50 மி.மீ. மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 2 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் பயிருக்குக் கிடைப்பது வேர் மட்டத்துக்கு இறங்கியது மட்டுமே. வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் மழைத்துளி மோதும்போது மண்கட்டிகள் சிதறி, பொடி மண் துளைகளை அடைக்கிறது. வெயில் பட்டதும் மேலே ஒரு பொருக்கு இறுகிவிடும். அடுத்த மழை அதன்மேல் வழிந்தோடுவதோடு, சத்துள்ள மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போகும்.

அதனால் புது ரகம், ஆழ்துளைக் கிணறு என்ற பேச்சுக்கு முன் நான் கேட்பது, சரிவு எந்தப் பக்கம், உழவு எந்தப் பக்கம் என்றுதான். நிலம் நீளவாட்டில் சரிந்திருந்தால் டிராக்டரும் அதே வாட்டில்தான் ஓடும். திருப்புவது குறையும், டீசல் மிச்சம். ஆனால் ஒவ்வொரு உழவுச் சாலும் தண்ணீரை வெளியேற்றும் வாய்க்காலாகிவிடுகிறது. சரிவுக்குக் குறுக்கே உழுவதற்குச் செலவு கொஞ்சம்தான் கூடும். சால்களுக்கு இடையிடையே மண்ணணைத்துத் தடுத்தால் இன்னும் நல்லது. களிமண் மிகுந்த கனத்த நிலத்தில் மட்டும் அப்படித் தடுக்கச் சொல்லமாட்டேன். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுவிட முடியாமல் போகும்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் விவசாயி யாக்கூபா சவடோகோவைப் பற்றிப் பலர் கேட்டிருப்பார்கள். 1980-களின் வறட்சிக் காலத்தில், 'ஸாய்' என்ற பழைய குழிமுறையைச் செம்மைப்படுத்தியவர். கோடையிலேயே இறுகிய நிலத்தில் குழி பறித்து எருவைப் போட்டார். எருவைத் தேடி வந்த கரையான்கள் மண்ணைத் துளைக்க, மழைநீர் அந்த வழியே உள்ளே இறங்கியது. 2018-இல் அவருக்கு, 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. மேடையில் சொல்ல அருமையான கதை. ஆனால் குழி பறிப்பது இடுப்பொடிக்கும் வேலை. வேலைக்கு ஆள் இல்லாத வீட்டில் போய் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், செய்யமாட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை.

மூடாக்கும் அப்படித்தான். அறுவடைக்குப் பின் மிஞ்சும் பயிர்த் தட்டையை நிலத்தை மூடும்படி பரப்பச் சொல்கிறோம். மாட்டுக்கு எதைப் போடுவது? தீவனத் தட்டுப்பாடு உள்ள இடத்தில், மழை ஓய்ந்ததும் மேலாகக் கொத்திப் பொருக்கை உடைத்துவிடச் சொல்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். களையும் போகும், ஆவியாவதும் குறையும்.

விவசாயி உரம் போடத் தயங்குவதை அறியாமை என்று நினைக்கும் அதிகாரிகள் உண்டு. மழை பொய்த்தால் உரக்காசு போனது போனதுதான்; கடன் மட்டும் நிற்கும். அவர் கணக்கு சரியான கணக்கு. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரில் இதற்கு ஒரு வழி பரவியது: குளிர்பான பாட்டில் மூடி ஒன்றில் பிடிக்கும் சுமார் 6 கிராம் கலப்பு உரம், ஒரு குத்துச் செடிக்கு ஒரு மூடி, வேருக்குப் பக்கத்தில். மொத்தச் செலவு குறைவு, நட்டமானாலும் தாங்கலாம். தொழு உரமும் சேர்ந்தால்தான் மண் நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

மழைநீரைச் சேர்க்கப் பண்ணைக் குட்டை வெட்டுபவர்கள் அகலத்தைவிட ஆழத்தைப் பாருங்கள். பரப்பு கூடினால் ஆவியாவதும் கூடும். அந்தத் தண்ணீரை முதல் வாட்டத்திலேயே தீர்த்துவிடாமல் பூக்கும் பருவத்துக்கு வைத்திருங்கள். அப்போது கொடுக்கும் ஒரே தண்ணீர் மணி பிடிப்பதைக் காப்பாற்றிவிடும்.

எதைச் செய்தாலும் முதல் வருடம் கால்பங்கு நிலத்தில் மட்டும் செய்து, மீதியை வழக்கப்படி விடச் சொல்வேன். அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக அடித்து எடை போடுங்கள். அடுத்த வருடம் எவ்வளவு நிலத்துக்குச் செய்வது என்பதை அந்த எடையைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.