ஷோப்பானின் ஸ்கோரை வாசிக்கும் முன், அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

பியானோ வகுப்புக்கு மாணவர்கள் கொண்டுவரும், 19ஆம் நூற்றாண்டுப் போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானின் ஸ்கோர்கள் (இசைக்குறிப்புத் தாள்கள்) பெரும்பாலும் இணையத்தில் இலவசமாக இறக்கியவை. எந்தப் பதிப்பு, யார் தொகுத்தது என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் தலைப்புப் பக்கத்தை விட்டுவிட்டுத்தான் பிரிண்ட் எடுத்திருப்பார்கள். ஷோப்பான் விஷயத்தில் அந்தப் பக்கம் மிக முக்கியம்.

1830களில் பாரிஸில் அச்சான இசைக்கு ஜெர்மனியின் லைப்சிக்கிலோ லண்டனிலோ காப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் திருடி அச்சடிக்கலாம். அதனால் ஷோப்பான் தன் படைப்புகள் பலவற்றை மூன்று நாட்டுப் பதிப்பாளர்களுக்கும் ஒரே சமயத்தில் விற்றார். ஒருவருக்குத் தன் கையெழுத்துப் படி போகும். இன்னொருவருக்கு நண்பர் ஃபோன்டானாவோ மாணவர் குட்மனோ எடுத்த நகல் போகும். சில சமயம் திருத்தப்பட்ட புரூஃப் தாளே (அச்சுக்கு முந்தைய சோதனைத் தாள்) போகும். அவர் வாழ்ந்த பாரிஸில் புரூஃப் அவர் கைக்கு வந்தது. லைப்சிக்கில் அச்சுக்கூடத்தின் திருத்துநர் தனக்குச் சரியென்று பட்டதைச் சேர்த்தார். ஆக, ஒரே படைப்புக்கு மூன்று முதல் பதிப்புகள், மூன்றிலும் வேறுபாடுகள்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஐந்து பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான்கில் இருப்பதே சரி என்று முடிவுகட்டுகிறார்கள். அந்த நான்கும் ஒரே ஜெர்மன் பதிப்பைப் பார்த்து அச்சானவை என்றால் அவை நான்கு சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சிதான். எது எதிலிருந்து வந்தது என்ற வம்சாவளியைத்தான் முதலில் தேட வேண்டும்.

பி ஃபிளாட் மைனர் சொனாட்டாவை (ஓபஸ் 35, 1840) எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ‘கிராவே’ என்று மெதுவான நான்கு பார்கள் (தாளக் கட்டங்கள்), ஐந்தாவது பாரிலிருந்து வேகம். முதல் பகுதியை மறுபடி வாசிக்கும் ரிப்பீட்டுக்கு எங்கே திரும்புவது? லைப்சிக் பதிப்பில் ஐந்தாவது பாரின் தொடக்கத்தில், இங்கே திரும்பு என்று சொல்லும் ரிப்பீட் புள்ளிகள் இருக்கின்றன. பாரிஸ், லண்டன் பதிப்புகளில் அங்கே வெறும் இரட்டைக் கோடுதான். ஷோப்பானின் மூலப்படி தொலைந்துவிட்டது. ஆனால் லைப்சிக்குக்கு அனுப்பிய குட்மனின் நகல், ஷோப்பானின் திருத்தங்களோடு வார்சாவில் இருக்கிறது. அதிலும் புள்ளிகள் இல்லை! அச்சுக்கூடத்தில் யாரோ சேர்த்த இரண்டு புள்ளிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பியானோ கலைஞர்கள் வாசித்து வந்திருக்கிறார்கள். ஐந்தாவது பாருக்கே திரும்புவோர் இன்றும் உண்டு. என் காதுக்கு அது ஒட்டவில்லை. அந்தப் பகுதியின் கடைசி கார்ட் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) டி ஃபிளாட்டை எதிர்பார்த்து நிற்கிறது, கிராவே தொடங்குவதே டி ஃபிளாட்டில்தான். வாசித்துப் பார்த்தால் விரல்களே சொல்லிவிடும்.

எல்லாச் சிக்கலும் இப்படித் தெளிவாகத் தீராது. சி மைனர் பிரிலூடில் (ஓபஸ் 28, எண் 20) மூன்றாவது பாரின் கடைசி கார்டைப் பாருங்கள். ஷோப்பானின் கையெழுத்துப் படியில் அங்கே ஈ ஸ்வரத்துக்கு முன்னால் எந்தக் குறியும் இல்லை. அதே பாரில் முன்னால் வந்த நேச்சுரல் (ஃபிளாட்டை நீக்கும் குறி) தொடர்வதால் அது சி மேஜர். 1839இல் அச்சான பதிப்பும் அப்படியே. ஆனால் அவருடைய ஸ்காட்லாந்து மாணவி ஜேன் ஸ்டர்லிங் வைத்திருந்த அச்சுப் பிரதியில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு ஃபிளாட் (ஸ்வரத்தை அரைப்படி இறக்கும் குறி) போடப்பட்டிருக்கிறது. உடனே சி மைனர், மொத்த வரியின் நிறமே மாறிவிடுகிறது. எழுதும்போது ஷோப்பான் மறந்தாரா, பின்னால் மனம் மாறினாரா? ஃபிளாட்டோடு வாசிப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மேஜராக வாசிக்கும் மாணவரைத் திருத்த மாட்டேன். காரணம் மட்டும் கேட்பேன்.

பாடம் நடத்தும்போது ஷோப்பான் மாணவர்களின் பிரதிகளில் விரல் எண்களையும், சில இடங்களில் மாற்று ஸ்வரங்களையும் எழுதிக் கொடுத்தார். ‘இறுதி வடிவம்’ என்ற ஒன்று அவருக்கே எப்போதும் இருந்ததில்லை என்று இதைப் பார்த்தால் தோன்றும். அதே காலத்து ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனோ தன் சில ஆரம்பகாலப் படைப்புகளைப் பிற்காலத்தில் திருத்தி இரண்டாம் முறை வெளியிட்டார். அது தனிக் கதை.

பழைய அச்சுகளை ஒப்பிடுவோர் பக்கத்தின் அடியில் இருக்கும் பிளேட் எண்ணை (அச்சுத் தகட்டுக்குப் பதிப்பாளர் கொடுத்த எண்) மட்டும் நம்ப வேண்டாம். உலோகத் தகட்டில் பிழையைத் தட்டிச் சமன்செய்து, திருத்தி, அதே எண்ணோடு பல ஆண்டுகள் கழித்தும் அச்சடிப்பார்கள். எண் ஒன்று, ஸ்வரம் வேறு.

ஷோப்பானின் முதல் பதிப்புகளின் ஸ்கேன்கள் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சந்தேகம் வரும் ஒரு பாரை மட்டும் மூன்றிலும் திறந்து பார்க்கப் பத்து நிமிடம் போதும். யான் எகியர் தொகுத்த போலந்து தேசியப் பதிப்பு போன்றவற்றில் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்லும் உரை உண்டு. நண்பரிடம் வாங்கி ஜெராக்ஸ் எடுப்பவர்கள் இசைப் பக்கங்களோடு நிறுத்திவிடாமல், அந்த உரையையும் சேர்த்து எடுத்துவாருங்கள்.