கேமராவுக்குத் தெரியாத இடங்களும் ஆன்லைன் தேர்வு விதிகளும்

செவிலியர், மருந்தியல், பொது சுகாதாரம் போன்ற படிப்புகளில் வீட்டிலிருந்தே தேர்வு எழுதுபவர்கள் கையில் முதலில் வந்து சேர்வது வினாத்தாள் அல்ல, நீளமான ஒரு விதிப் பட்டியல். மேசை காலியாக இருக்க வேண்டும். ஹெட்போன், ஸ்மார்ட் வாட்ச் கூடாது. இரண்டாவது மானிட்டர் இருந்தால் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். கேள்வியை வாய்விட்டுப் படிக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்க்கச் சில இடங்களில் காகிதத்துக்குக்கூட அனுமதி கிடையாது. அழித்து எழுதும் சின்ன வெள்ளைப் பலகை ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் இரண்டு பக்கத்தையும் முன்கூட்டியே கேமராவில் காட்ட வேண்டும், எழுதியதைக் கேமரா முன்பே அழிக்கவும் வேண்டும். படிக்கும்போது கொஞ்சம் அபத்தமாகத்தான் இருக்கும். கண்காணிக்கும் மென்பொருளுக்கு எது தெரியும், எது தெரியாது என்று புரிந்துகொண்டால், ஒவ்வொரு விதியும் ஏன் வந்தது என்பது பிடிபட்டுவிடும்.

முதலில் பிரவுசர். தேர்வுக்கென்று தரப்படும் பூட்டுப் பிரவுசர் திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். நகலெடுத்து ஒட்டுவது, திரையைப் படம் பிடிப்பது, வேறு செயலிக்குத் தாவுவது எல்லாவற்றையும் தடுத்துவிடும். கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலியாக ஓடவிட்டு, அதற்குள் தேர்வைத் திறந்தால் என்ன என்று சிலர் யோசிப்பார்கள். அதையும் பிரவுசர் சோதிக்கும். போலிக் கணினியின் வட்டு, வலை அட்டை போன்றவற்றின் பெயர்களிலும் எண்களிலும் அதைத் தயாரித்த மென்பொருளின் தடயம் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். இதெல்லாம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பிரவுசரின் அதிகாரம் அந்த ஒரு கணினியோடு முடிந்துவிடுகிறது. பக்கத்தில் கிடக்கும் மொபைலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கேமரா தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

லேப்டாப் கேமரா சுமார் 60 முதல் 80 டிகிரி வரைதான் பார்க்கும். முகம், தோள், பின்சுவர் தெரியும். கீபோர்டு, மடி, லேப்டாப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர் எதுவும் தெரியாது. பிட் ஒட்ட வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் அந்தச் சுவரில்தான் ஒட்டுவார்கள். தேர்வு தொடங்கும் முன் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வது இதற்காகத்தான். காட்டி முடித்த அடுத்த நிமிடமே அறை மாறிவிடலாம் என்பது விதி போடுபவர்களுக்கும் தெரியும். அதனால்தான் சில பல்கலைக்கழகங்கள் பக்கவாட்டில் இன்னொரு கேமராவும் வைக்கச் சொல்கின்றன.

கேமராவில் வரும் படத்தை மென்பொருள் என்ன செய்கிறது? முதலில் அதில் முகம் இருக்கிறதா, எத்தனை முகங்கள் என்று தேடும். 2001-இல் பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் வெளியிட்ட முறைதான் சாதாரணக் கணினியிலும் முகங்களை உடனுக்குடன் கண்டுபிடிப்பதைச் சாத்தியமாக்கியது. கண்கள் இருக்கும் பட்டை கன்னத்தைவிட இருட்டாக இருக்கும், மூக்குத்தண்டு அதன் இருபுறத்தையும்விட வெளிச்சமாக இருக்கும். இப்படி ஒளியும் நிழலும் மாறும் இடங்களை வைத்து அது முகத்தை அடையாளம் கண்டது. இன்று ஏராளமான படங்களைப் பார்த்துத் தானே பழகிக்கொள்ளும் நரம்பு வலையமைப்புகள் என்ற நிரல்கள் வந்துவிட்டன. ஆனாலும் வெளிச்சம் சரியாக இல்லாவிட்டால் அவையும் தடுமாறும். ஜன்னலை முதுகுப் பக்கம் வைத்து உட்காராதீர்கள் என்ற விதி இதனால் வந்தது. முகம் கருநிழலாகிவிட்டால், எழுதுபவர் எழுந்து போய்விட்டார் என்று மென்பொருள் குறித்துவிடும்.

வெளிச்சம் சரியாக இருந்தும் சிலருக்கு இந்தத் தொல்லை விடுவதில்லை. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களை 2018-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சோதித்தது. வெளிர் நிற ஆண்களின் விஷயத்தில் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களின் விஷயத்தில் அது 34.7 சதவீதம் வரை போனது. அது தேர்வு மென்பொருள் இல்லைதான். ஆனால் பழகக் கொடுத்த படங்களில் யார் முகம் குறைவோ அவர்களிடம்தான் எந்திரம் அதிகம் தவறும் என்பது இங்கேயும் பொருந்தும். முகத்தில் விளக்கடித்துக்கொண்டு தேர்வு எழுத வேண்டிவந்த மாணவர்கள் உண்டு.

முகம் கிடைத்ததும் கண்கள், மூக்கு நுனி, வாய் ஓரங்கள் ஆகிய புள்ளிகளை வைத்துத் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கணக்கிடும். அடிக்கடி கீழே பார்த்தால் ஒரு சந்தேகக் குறி, பக்கவாட்டில் பார்த்தால் ஒரு குறி. பலகையில் மருந்தளவுக் கணக்குப் போடுபவரும் கீழேதான் பார்ப்பார், மடியில் மொபைல் வைத்திருப்பவரும் கீழேதான் பார்ப்பார். இருவருக்கும் உள்ள வித்தியாசம் மென்பொருளுக்குத் தெரியாது. மைக்கும் அப்படித்தான். பேச்சுக்குரல் கேட்கிறதா என்று மட்டும் பார்க்கும். தனக்குத்தானே முணுமுணுப்பதும் இன்னொருவரிடம் விடை கேட்பதும் அதற்கு ஒன்றுதான். வாய்விட்டுப் படிக்கும் பழக்கமுள்ளவர்கள் பாவம், அதைத் தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பே விட்டுவிடுவது நல்லது.

அப்புறம் எண்ணிக்கைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. என் பார்வையில் இந்த ஏற்பாட்டிலேயே முக்கியமானது இதுதான். ஒரு கணக்குக்காக, 300 பேர் எழுதும் தேர்வில் 6 பேர் காப்பி அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் காப்பி அடிப்பவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கும், நேர்மையானவர்களில் 5 சதவீதம் பேரைத் தவறாகக் குறிக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். பிடிபடும் கள்ளர்கள் 5 பேர். தவறாகக் குறிக்கப்படுபவர்கள் மீதி 294 பேரில் கிட்டத்தட்ட 15 பேர். ஆகக் குறி விழுந்த 20 பேரில் நான்கில் மூன்று பங்கு நிரபராதிகள். காப்பி அடிப்பவர்கள் எவ்வளவு குறைவோ, இந்த விகிதம் அவ்வளவு மோசமாகும்.

அந்த 90 சதவீதமும் தாராளமான அனுமானம்தான். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் 30 மாணவர்களை வைத்து ப்ராக்டோரியோ என்ற தேர்வுக் கண்காணிப்பு மென்பொருளைச் சோதித்தார்கள். 6 பேரை வேண்டுமென்றே காப்பி அடிக்கச் சொல்லியிருந்தார்கள். மென்பொருள் ஒருவரைக்கூடப் பிடிக்கவில்லை. 2021-இல் ப்ராக்டர்யு என்ற தேர்வுக் கண்காணிப்பு நிறுவனம், மனிதர் பார்வையின்றி எந்திரம் மட்டுமே கண்காணிக்கும் சேவையை இனி விற்பதில்லை என்று அறிவித்தது.

சுகாதாரப் படிப்புகளில் இந்தத் தவறின் விலை அதிகம். இங்கே முறைகேட்டுக் குற்றச்சாட்டு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை, தொழில் ஒழுக்கம் பற்றிய கேள்வியாகி, பதிவு உரிமம் வரை துரத்தும். 2021-இல் அமெரிக்காவின் டார்ட்மத் மருத்துவப் பள்ளியில் 17 மாணவர்கள் ஆன்லைன் தேர்வின்போது பாடக்குறிப்புகளைத் திறந்து பார்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். ஆதாரம் கேமரா இல்லை, கேன்வாஸ் என்ற பாடத்தளத்தின் பதிவேடு. பின்னால் தெரிந்த விஷயம் என்னவென்றால், வேறொரு கருவியில் அந்தத் தளம் திறந்தே கிடந்தால், யாரும் தொடாமலேயே பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டு பதிவேட்டில் வரி எழுதும். சில மாதங்களில் எல்லாக் குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன, பள்ளியின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். தேர்வுக்கு முன் மொபைல், டேப்லெட் உட்பட எல்லாக் கருவிகளிலும் பாடத்தளத்திலிருந்து வெளியேறிவிட வேண்டும் என்று உங்கள் விதிப் பட்டியலில் இல்லாவிட்டாலும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறையைக் காட்டச் சொல்வதும் சர்ச்சை இல்லாமல் போகவில்லை. 2022 ஆகஸ்டில், ஒஹாயோவின் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம் ஒரு மாணவரின் படுக்கையறையைக் கேமராவில் காட்டச் செய்தது அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதமான சோதனை என்று கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, மிலானின் போக்கோனி பல்கலைக்கழகத்துக்கு இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. மாணவர்களின் முகத் தரவைச் சரியான சட்ட அடிப்படை இல்லாமல் கையாண்டது அதற்கான காரணங்களில் ஒன்று.

உடல்நலத்தைப் பற்றிச் சொல்லித்தரும் துறைகளே எழுதுபவரின் உடல்நலத்தை மறந்துவிடுவதும் நடக்கும். சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சார் பலருக்கு மொபைலில்தான் எச்சரிக்கை அனுப்பும். மொபைலோ தடை. நரம்புத் துடிப்புகளால் தலை அசைபவர்கள், மணிக்கொரு தடவை எழுந்தாக வேண்டியவர்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கும் வழி பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் உண்டு. தேர்வன்று கேமராவைப் பார்த்து விளக்கம் சொன்னால் அதையும் மைக் ஒரு குறியாகத்தான் பதியும்.

கண்காணிப்பைக் கூட்டுவதைவிட வினாவை மாற்றுவது மலிவு என்று தோன்றுகிறது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் மருந்து, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கேள்வியில் ஒருவருக்கு நோயாளியின் எடை 62 கிலோ, இன்னொருவருக்கு 48 கிலோ என்று கொடுத்தால், விடை ஒருவருக்கு 310, மற்றவருக்கு 240. பக்கத்தில் கேட்டுப் பயனில்லை. நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் திறனை மட்டும் இந்த வழியில் சோதிக்கவே முடியாது. அதற்கு 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் மருத்துவக் கல்வியாளர் ரொனால்ட் ஹார்டன் கொண்டுவந்த, நிலையம் நிலையமாகச் சுற்றிவந்து ஒவ்வொன்றிலும் ஒரு திறனைச் செய்துகாட்டும் தேர்வு முறை இருக்கிறது. அதற்கு நேரில்தான் வர வேண்டும்.

கடைசியாக, எல்லோரும் பயப்படும் விஷயம்: நடுவில் இணையம் போனால்? சில மென்பொருள்கள் வினாத்தாளை முன்பே யாரும் திறந்து படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து கணினியில் இறக்கிவைத்துவிடும். விடையையும் வீடியோவையும் அங்கேயே சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்பும். அப்படிப்பட்டதில் இணையம் போனது தெரிந்தாலும் எழுதிக்கொண்டே இருக்கலாம். பிரவுசரில் நேரடியாக ஓடும் வகையில் தேர்வு அங்கேயே நின்றுவிடும், திரும்ப உள்ளே வர அடையாள அட்டையை மறுபடி காட்டச் சொல்லலாம். இரண்டில் எது உங்களுடையது என்பதை மாதிரித் தேர்வின்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொடர்பு அறுந்தால் உதவி எண்ணை அழைக்க மொபைலை எடுக்கலாமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள், ஏனென்றால் இதில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொரு விதி.